எல்லையோரக் கூட்டுத் தோட்டம்: மடை முறை முதல் பொங்கல் அடுப்பு வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே கிடக்கும் ஊர்களில், ஒரே நிலத்தைப் பல குடும்பங்கள் பங்கு போட்டுக் காய்கறி வைக்கிற தோட்டங்களுக்காக எழுதியது இது. பயிர் வைக்கும் முறையைச் சொல்லித்தர நிறையப் பேர் உண்டு. இருபது குடும்பம் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்து, ஒரே களத்தில் பண்டிகை வைத்து, முகம் கோணாமல் இருப்பது எப்படி என்பதைத்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறோம்.

ஒரு ஏக்கரில் எத்தனை பங்கு போடலாம்?

இருபது, அதற்கு மேல் வேண்டாம். பங்குக்கு 3 சென்ட் என்றால் 60 சென்ட் போய்விடும். மிச்சம் 40 சென்ட் வீண் இல்லை. நடைபாதை, கிணற்றடி, தொட்டி, எருக்குழி, நாற்றங்கால், வேலி ஓரம், களம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். களத்துக்குக் குறைந்தது 4 சென்ட் விடுங்கள். "அதையும் பிரித்தால் இன்னொருவர் சேரலாமே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். சேர்த்தால் உட்கார்ந்து பேச இடம் இருக்காது, பேச்செல்லாம் வரப்பில் நின்றபடி, குரல் உயர்த்தித்தான் நடக்கும்.

இங்கிலாந்தில் இப்படி உள்ளாட்சி ஒதுக்கித்தரும் 'அலாட்மென்ட்' நிலத்தில் பழைய கணக்கு 10 ராடு, அதாவது சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறேகால் சென்ட். அங்கே குளிர்காலத்தில் பாதி நிலம் சும்மா கிடக்கும். இங்கே தண்ணீர் இருந்தால் வருடம் முழுக்க விளையும், களையும் வருடம் முழுக்க முளைக்கும். வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு 3 சென்ட்டே கை நிறைய வேலை.

நிலம் வேறொருவருடையது. எழுத்து வேண்டுமா?

வேண்டும். நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கேரளப் பக்கம் விவசாய நிலத்தில் புதிதாகப் பாட்டம் (குத்தகை) உண்டாக்க நிலச் சீர்திருத்தச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அதனால் நிலக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 'குத்தகை' என்று எழுதாமல், இத்தனை மாதம் பயிர் வைத்துக்கொள்ள அனுமதி என்ற வகையில் ஒரு வக்கீலை வைத்து எழுதிக்கொள்வது நல்லது. தென்னை, மா போன்ற நெடுநாள் மரங்களைப் பங்குக்காரர் நடுவதில்லை என்ற வரியும் அதில் இருக்கட்டும். நிலக்காரருக்கு அந்த ஒரு வரியிலேயே பாதி பயம் போய்விடும்.

கேரளத்தில் பெண்கள் மட்டும் சேர்ந்து செய்வதானால், 1998-இல் தொடங்கிய பெண்கள் சுய உதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் கூட்டுப் பொறுப்புக் குழு முறை இருக்கிறது. ஒரு குழுவில் 4 முதல் 10 பேர் வரை. வார்டு அளவில் கேட்டுப் பாருங்கள், அல்லது பஞ்சாயத்துக்கு ஒன்றாக இருக்கும் கிருஷிபவனில் (வேளாண் அலுவலகம்) விசாரியுங்கள்.

பக்கத்துப் பங்கின் பந்தல் நிழல் என் பாத்தியில் விழுகிறது. எது முறை?

எல்லாத் தோட்டத்திலும் வரும் வழக்கு இது. நம் பக்கம் மார்கழி உச்சி வெயிலில், 6 அடிப் பந்தலின் நிழல் வடக்கே சுமார் 4 அடி நீளம் விழும். ஆனி, ஆடியில் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்பதால் நிழல் தெற்கே ஓர் ஒன்றரை அடிதான். ஆகவே பந்தலையும் முருங்கையையும் பப்பாளியையும் பங்கின் வடக்கு ஓரத்தில் வையுங்கள், அந்த ஓரத்தை ஒட்டி 4 அடி நடைபாதை போகட்டும். நிழல் பாதையில் விழுந்தால் யாருக்கும் வழக்கு இல்லை. பங்கு பிரிக்கும்போதே பாதைகளைக் கிழக்கு மேற்காக ஓட்டிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

தண்ணீர் முறையை எப்படி வைப்பது?

முதலில் அளந்து பாருங்கள். 200 லிட்டர் டிரம்மை மோட்டார்க் குழாயடியில் வைத்து எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பார்த்தால் போதும். 2 நிமிடம் என்றால் மணிக்கு 6,000 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். 3 சென்ட் பங்கில் வரப்பு போகப் பயிர் நிற்பது 90 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் கணக்கில் 450 லிட்டர் வேண்டும். இருபது பங்குக்கு 9,000 லிட்டர், அதாவது ஒன்றரை மணி நேர ஓட்டம். வாய்க்காலில் விட்டால் மண் குடிப்பதும் வழியில் உடைவதும் சேர்ந்து இன்னும் ஒரு மடங்கு கூட ஆகலாம்.

முறை கடைமடையில் தொடங்கட்டும். தலைமடைக்காரர் முதலில் பாய்ச்சினால், கரண்ட் போகும் நாளில் எல்லாம் கடைசிப் பங்குதான் காயும், நாலு முறை காய்ந்ததும் அந்தக் குடும்பம் தோட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடும். கரண்ட் நின்ற இடத்திலிருந்து மறுநாள் முறை தொடர வேண்டும், திரும்ப முதலிலிருந்து அல்ல. கிணற்றடியில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு, கடைசியாகப் பாய்ந்த பங்கின் எண்ணை எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாற்பது காலை வணக்கத்துக்கு நடுவே அது காணாமல் போகும்.

சொட்டுநீர் போட்டிருந்தால் மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் (டிரிப்பர்), 60 சென்டிமீட்டர் இடைவெளி, 16 மில்லிமீட்டர் பக்கக்குழாய் என்பது காய்கறிக்குப் பொதுவாகச் சரியாக இருக்கும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் கடினத் தண்ணீர். சொட்டுவான் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, பக்கக்குழாயின் கடைசி முனையைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட விடுங்கள். இதை யார் செய்வது என்று பெயர் போட்டு வைக்காவிட்டால் ஒருவரும் செய்ய மாட்டார்கள்.

சித்தூர்ப்புழை வாய்க்கால் தண்ணீரை நம்பும் தோட்டங்களுக்கு ஒரு வார்த்தை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு மணக்கடவு அணையில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். அந்த வருடக் கணக்கு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. மாசி, பங்குனியில் வாய்க்கால் ஓடுமா என்பது அதுவரை எவ்வளவு வந்தது என்பதைப் பொறுத்தது. கோடைப் பயிரைத் தீர்மானிக்கும் கூட்டத்தைத் தைக்குள் வைத்துவிடுங்கள்.

பொதுவேலைக்கு ஆளே வருவதில்லை. பண்டிகைக்கு மட்டும் எல்லோரும் வருகிறார்கள்.

அப்படியானால் பண்டிகையோடு வேலையைக் கட்டிவிடுங்கள். தனியாக 'பொதுவேலை நாள்' என்று அறிவித்தால் ஆறு பேர் வருவார்கள், அதுவும் எப்போதும் அதே ஆறு பேர். ஆடிப் பதினெட்டுக்கு முந்தின ஞாயிறு வாய்க்கால் தூர்வாரல், பொங்கலுக்கு முந்தின ஞாயிறு களம் செதுக்கலும் காய்ந்த புல் அகற்றலும், ஓணத்துக்கு முந்தின வாரம் வேலிக் கவாத்து, விஷுவுக்கு முன் தொட்டி கழுவல் என்று வருடத்துக்கு நாலு வேலை, நாலு பண்டிகை. காலை 6:30 முதல் 9:30 வரை வேலை, பிறகு இட்லியோ கஞ்சியோ. மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் அடுத்த முறை ஆள் குறையும்.

வர முடியாதவரிடம் பணம் வாங்கலாமா என்று கேட்பார்கள். பணமாக வாங்கினால் வசதி உள்ளவர் எப்போதும் பணம் கொடுத்துவிட்டு வராமலே இருந்துவிடுவார். அடுத்த ஞாயிறுக்குள் அதே நேரத்துக்கு வேறு வேலை, எருக்குழி புரட்டுவது மாதிரி, என்று வைப்பதே மேல். வயதானவர்களுக்குச் சமையல், விதை பொறுக்குதல், வருகைக் கணக்கு.

பொங்கல், ஓணம் இரண்டையும் வைப்பதா, ஒன்று போதுமா?

இரண்டும். விடுமுறைக்கும் பெரும்பாலும் தடை இல்லை. தைப்பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட கேரளத்தின் ஆறு மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டு. ஓணத்துக்குக் கோவையில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அந்தச் சனிக்கிழமையில் கூட்டம் வைத்துவிடாதீர்கள்.

தேதியைப் பொங்கலுக்குத் தேட வேண்டியதில்லை. ஓணம் அப்படி இல்லை, திருவோண நட்சத்திரத்தைப் பார்த்து வருவது. 2023-இல் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15. பூ நடுபவர்களுக்கு இந்த இரண்டரை வாரம் பெரிய வித்தியாசம். சித்திரை ஒன்றும் விஷுவும் பெரும்பாலும் ஒரே நாள், சில வருடம் ஒருநாள் முன்பின். களத்தில் ஒரே கனித் தட்டாக வைத்தால் போதும்.

களத்தில் பொங்கல் வைக்க என்ன கணக்கு? போன முறை அடியில் பிடித்துவிட்டது.

அறுபது பேருக்கு: பச்சரிசி 3 கிலோ, பாசிப்பருப்பு 750 கிராம், வெல்லம் 5 கிலோ, நெய் 750 கிராம், முந்திரி 300 கிராம், ஏலக்காய் 20 கிராம். தண்ணீரும் பாலும் சேர்த்து 15 முதல் 16 லிட்டர். பாதித் தண்ணீரில் பொங்க விட்டு, மீதியைப் பக்கத்து அடுப்பில் கொதிக்கும் நிலையிலேயே வைத்துக்கொண்டு வேண்டியபோது ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அரிசி நடுவில் கல்லாக நிற்கும்.

அடி பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெல்லம்தான். அரிசி மசிவதற்கு முன்னே போட்டால் அரிசி அதோடு வேகாது, வெந்துவிடும் என்று தீயைக் கூட்டுவோம், பாகு அடியில் கருகும். விரலால் நசுக்கினால் அரிசி மாவாகும்வரை வெல்லப் பக்கமே போகாதீர்கள். வெல்லத்தைத் தனியாக அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றுங்கள். ஊற்றும்போது அடுப்பில் விறகை வெளியே இழுத்துவிட்டு, கங்குச் சூடு மட்டும் இருக்கட்டும்.

இன்னொரு காரணம் காற்று. தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வறண்ட காற்று விசிறி அடிக்கும். நாமோ சூரியனைப் பார்த்து அடுப்பின் வாயைக் கிழக்கே வைக்கிறோம். காற்று நேராக அடுப்புக்குள் புகுந்து, தீ பின்பக்கமாகச் சீறி, பானையின் ஒரு பக்கம் மட்டும் பொங்கும். வாயைத் திருப்ப வேண்டாம். அடுப்புக்குக் கிழக்கே நாலடி தள்ளி, இடுப்பு உயரத்துக்குத் தகரத்தையோ நனைத்த சாக்குத் தட்டியையோ நிறுத்துங்கள். காய்ந்த தென்னங்கீற்றுத் தட்டி வேண்டாம், பொறி பட்டால் அதுவே பந்தமாகும். களத்தின் மேற்குப் பக்கம் பத்தடிக்குக் காய்ந்த புல் ஒன்றும் இருக்கக் கூடாது, ஏனென்றால் பொறி பறப்பது அந்தத் திசையில்தான். இரண்டு குடம் தண்ணீரும் அந்தப் பக்கமே இருக்கட்டும்.

போகி மாலை காப்புக் கட்டுக்கு வேப்பிலை, ஆவாரை, பூளைப்பூ வேண்டும். பூளையைக் களை என்று பிடுங்கித் தீர்த்துவிட்டுக் கடைசி நாளில் காசு கொடுத்து வாங்குகிறோம். வேலி ஓரம் பத்தடி அதற்காக விட்டுவையுங்கள்.

ஓணத்துக்குப் பூக்களத்துக்கு (பூக்கோலத்துக்கு) நம் தோட்டத்திலேயே செண்டுமல்லி வளர்க்கலாமா?

வளர்க்கலாம், அரை சென்ட் போதும். விதைத்து 25 முதல் 30 நாளில் நாற்று, நட்டு 50, 55 நாளில் பூ நன்றாக வரத் தொடங்கும். ஓணம் ஆகஸ்ட் கடைசியில் என்றால் மே நடுவில் விதை, ஜூன் நடுவில் நடவு. செப்டம்பர் நடுவில் என்றால் எல்லாவற்றையும் இரண்டரை வாரம் தள்ளுங்கள். நட்டு நாலு வாரத்தில் நுனியைக் கிள்ளினால்தான் பக்கக்கிளை வெடித்துப் பூ கூடும், பயந்து கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் குச்சியாக உயர்ந்து ஆடிக் காற்றில் சாயும். அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் பறிக்க வேண்டுமானால், ஒரே நாளில் நடாமல் ஒரு வார இடைவெளியில் இரண்டு பாகமாக நடுங்கள்.

விஷுக் கனித் தட்டில் வைக்கும் கனி வெள்ளரியை எப்போது போடுவது?

ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி முதல் வாரத்துக்கும் நடுவே. முடிக்கோடு, சௌபாக்யா, அருணிமா ஆகியவை கேரள வேளாண் பல்கலைக்கழக ரகங்கள். காய் தங்க நிறத்துக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும். பிந்தி விதைத்தால் விஷுவன்று பச்சைக் காய்தான் தட்டில் இருக்கும். பெரிய எதிரி பழ ஈ. காய் விரல் நீளம் வந்ததும் காகிதத்தால் சுற்றிவிடுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி வாங்கினால் வெள்ளரி ஈக்கான கியூலூர் என்று கேட்டு வாங்குங்கள். மாம்பழ ஈக்கு வைக்கும் மீத்தைல் யூஜினால் இதற்கு உதவாது, கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். கொத்திய காயைப் பாத்தியில் விட்டுவிட்டால் அதிலிருந்தே அடுத்த தலைமுறை ஈ வரும். இருபது பங்கில் ஒருவர் அலட்சியமாக இருந்தாலும் மற்ற பத்தொன்பதும் வீண். காம்போடு அறுத்து, வாழைநாரில் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும்.

விதைப் பரிமாற்றத்தில் வாங்கிய விதை வேறு காயாக வந்துவிட்டது. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று பெயர்க் குழப்பம். கொங்குப் பக்கம் அரசாணிக்காய் என்பதை அந்தப் பக்கம் மத்தன் என்பார்கள். நம் சாம்பல் பூசணி அவர்களுக்குக் கும்பளம், பாலக்காட்டார் சிலருக்கு இளவன். வெள்ளரி என்றால் நாம் பச்சையாகத் தின்பதை நினைப்போம், அவர்கள் குழம்பில் போடுவதைத் தருவார்கள். பொட்டலத்தின் மேல் இரண்டு பெயரையும் எழுதி, காயின் நிறமும் நீளமும், அறுத்த மாதமும் வருடமும் போடுங்கள்.

மற்றொன்று கலப்பு. தட்டைப்பயறு, அவரை, தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் அதிகம் மாறாது. பூசணி, சுரை, பாகல், பீர்க்கன் வகை அப்படி இல்லை. இருபது பங்கில் ஐந்து வகை அரசாணி இருந்தால் தேனீ எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். விதைக்காக வேண்டுமானால், மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையே நூலால் கட்டி, காலை 8 மணிக்குள் ஆண் பூவை ஒடித்துப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டிவிடுங்கள். சுரைப் பூவும் பீர்க்கன் பூவும் மாலையில் விரியும், அவற்றுக்கு அந்தி நேரம்தான். அந்தக் காயின் காம்பில் ஒரு துணி கட்டி வைக்காவிட்டால் யாராவது பறித்துப் பொரியல் செய்துவிடுவார்கள்.

பரிமாற்றத்துக்கு நல்ல நாள் ஆடிப் பதினெட்டு. ஒன்பது நாள் முன்பே ஒவ்வொருவரும் தங்கள் விதையைத்தான் முளைப்பாரியில் போட வேண்டும் என்று வையுங்கள். நூறு விதையில் எத்தனை முளைத்தது என்பது கண்முன்னே தெரியும். முளைக்காத விதையைப் பகிர்ந்துகொண்டு பிறகு பேசாமல் இருப்பதைவிட இது சுலபம்.

நத்தை பொறுக்கும் இரவு என்றால் என்ன?

பெரிய ஆப்பிரிக்க நத்தைக்குத் தனி ஆளாக வைத்தியம் இல்லை, ஒரு பங்கில் பொறுக்கினால் பக்கத்துப் பங்கிலிருந்து வந்துவிடும். முதல் மழை நின்ற வாரத்தில் இரண்டு நாள் விட்டு மூன்று முறை எல்லோரும் சேர்ந்து இறங்க வேண்டும். மாலையில் பங்குக்கு ஒன்றாக நனைத்த சாக்கை விரித்து அதில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போடுங்கள். இரவு 8 மணிக்கு மேல் டார்ச்சோடு வந்து பொறுக்கலாம். வெறுங்கையால் தொடக் கூடாது, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதில் இருக்கலாம். பிள்ளைகள் டார்ச் பிடிக்கட்டும், பொறுக்குவது பெரியவர்கள் கையுறையோடு. லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்த வாளியில் போட்டு, செத்ததும் பயிருக்கு எட்டத்தில் குழி தோண்டிப் புதையுங்கள். அந்த உப்புத் தண்ணீரைப் பாத்தியில் கொட்டிவிட்டு மண் கெட்டது என்று வருந்துகிறவர்களும் உண்டு.

பக்கத்துப் பங்கில் மருந்து அடிக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் காற்றைப் பாருங்கள். ஆனி முதல் ஆவணி வரை மேற்கே இருந்தும், மார்கழி முதல் மாசி வரை கிழக்கே இருந்தும் கணவாய்க் காற்று அடிக்கும். அந்த மாதங்களில் காலை 7 மணிக்குப் பிறகு வேப்பெண்ணெய் அடித்தால்கூட அடுத்த பங்குக்குத்தான் போகும். எந்தத் தெளிப்பும் விடிகாலையில், முந்தின நாளே சிலேட்டில் எழுதிவிட்டு என்று விதி வையுங்கள். ரசாயன மருந்தே கூடாது என்றால் அதைப் பங்கு கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும், பூச்சி வந்த பிறகு சொன்னால் சண்டைதான்.

மயில் நாற்றைத் தின்கிறது. பாம்பும் வருகிறது.

மயிலைப் பிடிக்கவோ அடிக்கவோ கூடாது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. நாற்றங்காலுக்கு மட்டும் வலை போட்டால் பாதித் தொல்லை போகும், நட்ட பிறகு இரண்டு வாரம் தாண்டினால் அது அவ்வளவாகத் தொடாது. பாம்பு வந்தால் கேரளப் பக்கம் வனத்துறையின் 'சர்ப்பா' செயலியில் பக்கத்திலுள்ள பயிற்சி பெற்ற பிடிப்பாளரைப் பார்க்கலாம். கடித்துவிட்டால் இரண்டு பக்கமும் 108.

மைக் செட் வைக்கலாமா?

வைக்கலாம், அனுமதி வாங்கி. இரவு 10 முதல் காலை 6 வரை 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிப்படி ஒலிபெருக்கி கூடாது. இருபது குடும்பத்துக்கு மைக் எதற்கு என்பதையும் ஒருமுறை யோசியுங்கள்.

பண்டிகை வசூலில் மிச்சம் வந்தால்?

மிச்சம் மோட்டாருக்கு. மோட்டாரின் கம்பிச்சுருள், வால்வு, ஸ்டார்ட்டர் எல்லாம் வெயில் காலத்தில்தான் போகும், அப்போது வசூல் கேட்டால் ஒருவர் கையிலும் இருக்காது. பண்டிகைக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதாமல் இரண்டு நோட்டு வையுங்கள், தமிழில் ஒருவரும் மலையாளத்தில் ஒருவருமாக இரண்டு பேர் கையெழுத்துப் போடட்டும். விறகு வாங்கிய சீட்டு உட்பட எல்லா ரசீதும் அந்த நோட்டிலேயே ஒட்டியிருக்க வேண்டும். பண்டிகை முடிந்த அடுத்த ஞாயிறு, பாத்திரம் திருப்பிக் கொடுக்கும் அன்றே கணக்கைப் படித்துவிடுங்கள்.